நான்காவது போஸ்ட்மேன்

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுப் போனில் நீ கேட்டது ஒரே கேள்வி. "வேலை இருக்கா, போச்சா? ஒரு வரியில சொல்லு." என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. நீயும் பட்டென்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு. இந்தத் தடவை மட்டும் முதலிலிருந்து வா. பதில் கடைசியில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் உள்ளதைத் தாண்டிப் போனால் அது பதில் மாதிரியே தெரியாது.

எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், அதற்கு நான் எழுதும் விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்பது வரை உனக்குத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக அத்தான் கேட்பவர்களிடமெல்லாம் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்றே சொல்லி வருகிறார், ஏதோ நான் அதற்குள்ளே குடியிருப்பதைப் போல. உண்மையில் நான் வெளியேதான் இருக்கிறேன், அதுவும் வெகு தொலைவில். வேறொரு ஊரில் லினக்ஸ் சர்வர்கள் என்று சில கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுக்குள் ஓட வேண்டிய புரோகிராம்கள் ஓடுகின்றனவா, எத்தனை ஓடுகின்றன என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இங்கிருந்தே எண்ணி, எங்கள் அறைச் சுவரில் உள்ள பெரிய திரையில் காட்டுவோம். எண் போதுமானதாக இருந்தால் பச்சை. குறைந்தால் சிவப்பு. பச்சையாக இருப்பதை மணிக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பானால் ஓட வேண்டும். இந்த நான்கு வருடத்தில் நான் ஓடியது கொஞ்சம், எழுதியது கொள்ளை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே முடிவுகள் தயாரானதும் அவற்றை நோயாளியின் போனுக்கும் மருத்துவருக்கும் அனுப்பி வைக்க நான்கு புரோகிராம்கள் உண்டு. எழுதிய புண்ணியவான் அவற்றுக்கு போஸ்ட்மேன் என்றே பெயர் வைத்துவிட்டார். முதல் நோயாளி ஒன்றாம் போஸ்ட்மேனுக்கு, இரண்டாவது இரண்டாம் போஸ்ட்மேனுக்கு, அப்படியே நான்கு வரை போய், ஐந்தாவது ஆள் மறுபடி ஒன்றாம் போஸ்ட்மேனுக்கு. ஒருவர் பங்கை இன்னொருவர் தொடுவதில்லை. நான்கு என்றால் பச்சை. நான்குக்கு மேலே போனாலும் பச்சை. மூன்று என்றால் சிவப்பு. இவ்வளவுதான் சாஸ்திரம்.

இனி எங்கள் மேலதிகாரி. அறையில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பச்சை சார். காலையில் பையை வைப்பதற்கு முன்பே "எல்லாம் பச்சையா இருக்காப்பா?" என்பார். சாப்பிட்டுவிட்டு வந்து ஒருமுறை, டீ குடித்துவிட்டு ஒருமுறை. திரை அவர் மூக்குக்கு நேரே எட்டடி அகலத்தில் இருக்கும். இருந்தாலும் எங்களிடம்தான் கேட்பார். அதிகாரி என்றால் கேட்கத்தான் வேண்டும் என்று நாங்களும் சொல்லி வந்தோம்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. போஸ்ட்மேன்கள் தாங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் நாட்குறிப்பு மாதிரி ஒரு லாக்கில் எழுதிக்கொண்டே போகும். பத்து மாதத்துக்கு முன்னால் பரிசோதனை நிலையத்து இயக்குநர்கள் எங்கள் அறையைப் பார்க்க வந்தபோது, அவர்களுக்குக் காட்டுவதற்காகப் பச்சை சார் அந்தச் சர்வருக்குள் நுழைந்து, அந்த லாக் உடனுக்குடன் ஓடும்படி தன் கம்ப்யூட்டரில் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி வரும். அடுத்த வரி வரும்வரை இயக்குநர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வந்ததும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அவர் அந்த ஜன்னலை மூடவே இல்லை. கம்ப்யூட்டரையும் அணைத்ததில்லை. "நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்பார். பத்து மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதே நாளில் எங்கள் பெரிய திரையில் போஸ்ட்மேன் எண்ணிக்கை நான்கிலிருந்து ஐந்தானது.

உன் தையல் கடையில் நான்கு பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர் இருப்பதாக யாராவது சொன்னால் நீ கட்டையோடு உள்ளே போவாய். நாங்கள் படித்தவர்கள். ஐந்தும் பச்சைதானே என்று விட்டுவிட்டோம். அந்த மாத அறிக்கையில் பச்சை சார் "செயல்திறன்: நூற்றிருபத்தைந்து சதவீதம்" என்று எழுதினார். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

எட்டு மாதம் ஐந்தாகவே ஓடியது. பிறகு ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம் எண்ணிக்கை ஐந்திலிருந்து நான்கானது. அப்போதும் பச்சைதான். என் பக்கத்து நாற்காலிக்காரன் எதையும் நடந்து முடிந்த பிறகு கணித்துச் சொல்வான், அதனால் அவனுக்கு ஜோசியர் என்று பெயர். "நாலுதான் சரியான கணக்கு, ஒரு நாள் நாலுக்கே வரும்னு நான் அப்பவே நெனச்சேன்" என்றான். பச்சை சார் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்: "எண்ணிக்கை சீரடைந்தது. நன்றி." யாருக்கு நன்றி என்று எழுதவில்லை.

சென்ற வாரத்துக்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பச்சை சாருக்கு மறுநாள் கண் ஆபரேஷன், புரை எடுக்கிறார்கள். நான்கு வருடத்தில் அவர் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. மாலை நான்கு பத்துக்குப் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ஒரு வாரம் மின்சாரம் வீணாகப் போக வேண்டாம் என்று தன் கம்ப்யூட்டரை அணைத்தார். "பச்சையா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். போனார்.

நான்கு பதினைந்துக்குச் சுவர் சிவந்தது. போஸ்ட்மேன்: மூன்று.

விதிப்படி செய்தேன், அக்கா. ஒரு வார்த்தை கூட்டவில்லை குறைக்கவில்லை. சர்வருக்குள் நுழைந்து பார்த்தேன். நான்காம் போஸ்ட்மேன் இல்லை. மறுபடி தொடங்கிவிட்டேன். எண் நான்கானது, பச்சை வந்தது, நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். பச்சை சாருக்குப் போன் செய்தேன். அவர் இன்னும் கீழே ஆட்டோவுக்குத்தான் நின்றுகொண்டிருந்தார். "நான் நகந்து அஞ்சு நிமிஷம் ஆகலையேப்பா" என்றார். அந்த வாக்கியம் திங்கட்கிழமை மெமோவில் "மேலதிகாரி இருக்கையை விட்டு அகன்ற ஐந்து நிமிடங்களுக்குள்" என்று திருத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது.

அதோடு போயிருந்தால் யாரும் என்னைத் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் நான்காம் போஸ்ட்மேன் எழுந்ததும் தன் பையைத் திறந்தான். பையில் அன்றைய முடிவுகள் மட்டும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் முடிவுகள் இருந்தன. கடமை தவறாதவன், அத்தனையையும் இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டான். ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதி என்று போயிருக்கிறது. அதை வாந்தியே அவளுக்கு ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டிருந்தது. ஒரு பெரியவருக்குச் சர்க்கரை இயல்பாக இருக்கிறது என்று போனது. அது ஏழு வாரத்துக்கு முந்தைய சர்க்கரை. அவர் அன்று மாலையே அந்தச் செய்தியைக் காட்டி, மறைத்து வைத்திருந்த இனிப்பு டப்பாவை வீட்டாரிடமிருந்து வாங்கிவிட்டாராம். மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன செய்தியைப் பார்த்து ஐம்பது அறுபது பேர் மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். வரச் சொன்ன தேதி போன மாதத்துத் தேதி.

திங்கட்கிழமை காலை மெமோ. என் பணி நேரத்தில், என் செயலின் விளைவாக, வாடிக்கையாளரின் நற்பெயருக்கு ஊறு. வியாழன் மாலை ஐந்துக்குள் எழுத்துமூலம் விளக்கம். பரிந்துரைத்தவர்: கண்ணில் கட்டோடு படுத்திருந்த பச்சை சார். போனிலேயே சொல்லி எழுத வைத்திருக்கிறார். ஜோசியர் மெமோவை ஒருமுறை படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நீ வேலைக்கு வரும்போதே உன் முகம் சரியில்ல" என்றான்.

எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்று. பையில் ஏழு வாரத்து முடிவுகள் இருந்தன என்றால், நான்காம் போஸ்ட்மேன் ஏழு வாரமாகச் செத்துக் கிடந்திருக்கிறான். ஆனால் ஏழு வாரமும் எங்கள் திரை நான்கு என்று காட்டியது. அவனில்லாமல் அந்த நான்காவது ஆள் யார்? அதற்கு வியாழனுக்குள் பதில் கிடைக்காவிட்டால் குற்றவாளி நான்தான். பதில் கிடைக்காத இடத்தில் ஆள் கிடைத்தால் போதும் என்பதுதானே ஆபீஸ்.

முதலில் பரிசோதனை நிலையத்து முன்மேஜை அம்மாவுக்குப் போன் செய்தேன். வருபவர்களுக்கு ரசீது கொடுப்பவர், முடிவு வராதவர்களின் திட்டை வாங்குபவர், இரண்டும் அவர்தான். எப்போதிலிருந்து முடிவுகள் போகவில்லை என்று பணிவாகக் கேட்டேன்.

"தம்பி, ஏழு வாரமா உங்க ஆபீசுக்குப் பதினேழு தடவை போன் பண்ணியிருக்கேன். தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். நாலு பேருக்கு ஒருத்தருக்கு வரலன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். 'எல்லாம் பச்சையா இருக்கு மேடம், நோயாளியோட போன் கோளாறு'ன்னு சொன்னீங்க. அதுல நாலு தடவை உங்க குரல்."

என் குரல்தான்.

அப்புறம் அந்த முடிவுகளை என்ன செய்தீர்கள் என்றேன்.

"என்ன செய்யறது? அச்செடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுப் படிச்சேன். அவசரமா டாக்டரப் பாக்க வேண்டியவங்கள முதல்ல. ஒரு நாளைக்கு அறுபது பேர். ஏழு வாரமா உங்க நாலாவது போஸ்ட்மேன் நான்தான். உங்க சுவத்துல என்னை எண்ணுனீங்களா?"

இல்லை மேடம் என்றேன். அவரை எண்ணவில்லை. யாரை எண்ணினோம் என்றுதான் தெரியவில்லை. அந்தத் தேதி நோட்டை நகலெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டதற்கு, "போஸ்ட்மேன் மூலமா அனுப்ப மாட்டேன், கூரியர்ல அனுப்பறேன்" என்றார்.

பிறகு எண்ணும் கட்டளையைப் பிரித்துப் பார்த்தேன். இதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உன் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். தெருவில் நிற்கும் ஒருவன் குனிந்து, உள்ளே எத்தனை ஜோடிக் கால் தெரிகிறது என்று எண்ணி, அத்தனை பேர் தைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போகிறான். எங்கள் கட்டளை செய்வது அதுதான். சர்வரில் ஓடும் எல்லாவற்றையும் வரிசையாகப் பட்டியல் போடச் சொல்லும். எந்த வரியில் போஸ்ட்மேன் என்ற சொல் இருக்கிறதோ அந்த வரிகளை எண்ணும். முகத்தைப் பார்ப்பதில்லை. தைக்கிற காலா, சும்மா நிற்கிற காலா என்று கேட்பதில்லை. எண்ணை மட்டும் இங்கே அனுப்பிவிட்டுப் பட்டியலைக் குப்பையில் போட்டுவிடும்.

இந்த மாதிரிக் கட்டளைக்கு ஒரு பழைய வியாதி உண்டு. தேடுகிறவனின் வரியிலும் அந்தச் சொல் இருப்பதால் அவன் தன்னையும் சேர்த்து எண்ணிக்கொள்வான். கட்டளையை எழுதியவர் ஐந்து வருடம் முன்பே வேலையை விட்டுப் போனவர். ஆனால் இதை மறக்காமல் கழித்திருக்கிறார். ஆகவே அதுவும் இல்லை. திங்கள் மாலை வரை உட்கார்ந்து பார்த்தேன். இப்போது நான்கு போஸ்ட்மேன்களும் உயிரோடு இருக்கிறார்கள், எண்ணும் நான்கு, எல்லாம் சரி. வியாதி குணமானபின் வைத்தியரிடம் போன மாதிரி இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு ஜோசியர் திரையைப் பார்த்துவிட்டு, "மாப்ளே, அஞ்சு" என்றான்.

நான் ஓடியே போனேன். இந்தத் தடவை எண்ணைக் கேட்கவில்லை, பட்டியலைக் கேட்டேன். ஐந்து வரிகள் வந்தன. முதல் நான்கும் போஸ்ட்மேன்கள், வெள்ளி மாலையும் அதற்கு முன்பும் வேலைக்கு வந்தவர்கள். ஐந்தாவது வரி அன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்குத் தொடங்கியிருந்தது. அது எதையும் அனுப்புவதில்லை. போஸ்ட்மேன் லாக்கைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. லாக்கின் பெயரில் போஸ்ட்மேன் இருந்ததால் அந்த வரியிலும் போஸ்ட்மேன் இருந்தது. வரியின் தொடக்கத்தில் திறந்தவரின் பெயர் இருந்தது. பச்சை சார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மருமகனின் கம்ப்யூட்டரில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு கடையில் வேடிக்கை பார்க்கும் அத்தானின் கால்களை ஐந்தாவது தையல்காரராக எழுதிக்கொண்டு போயிருக்கிறோம் என்று வைத்துக்கொள். பத்து மாதமாக.

அவருக்குப் போன் செய்தேன். மெமோவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. லாக் ஜன்னலை ஒரு நிமிடம் மூடச் சொன்னேன்.

"எதுக்குப்பா? மருமகன் இப்பதான் பாடுபட்டுத் தொறந்து குடுத்துட்டுப் போனான்."

"ஒரு சின்னச் சோதனை சார்."

மூடினார். நானே கட்டளையை ஓட்டினேன்: நான்கு. திறக்கச் சொன்னேன். திறக்க ஏழு நிமிடம் ஆனது. ஐந்து. மறுபடி மூடச் சொன்னேன். நான்கு. மறுபடி திறக்கச் சொன்னேன்.

"ஏம்ப்பா, என்னை வாட்ச்மேன் வேலைக்கு வெச்சிருக்கியா? தொற மூடு, தொற மூடுன்னு."

ஜோசியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்த நேரத்தில்தான் வேறொன்று மண்டையில் தட்டியது. அந்த லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அதை எழுதிய போஸ்ட்மேனின் எண் இருக்கும். ஏழு வாரமாக ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான் வந்திருக்க வேண்டும். நான்கே வந்திருக்காது. இவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாரே?

"சார், வரிக்கு முன்னாடி ஒரு நம்பர் இருக்கும். கொஞ்சம் படிங்க."

"மூணு," என்றார். சற்று நேரம் கழித்து, "நாலு. ரெண்டு." அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இந்த நம்பர் எப்பவுமே இருக்குமாப்பா?"

"எப்பவும் இருக்கும் சார்."

"எழுத்து இவ்வளவு தெளிவாவா?"

நான் ஆமாம் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

எட்டடித் திரையைப் பார்த்துக்கொண்டே பச்சையா என்று எங்களைக் கேட்டவர். வரிகளின் ஓட்டத்தைப் பார்த்தவர், வரிகளைப் பார்க்கவில்லை. எத்தனை நாளாகப் படிக்க முடியாமல் இருந்தது, யாருக்காவது சொன்னாரா, கேட்க எனக்கு வாய் வரவில்லை. கண்காணிப்புப் பிரிவின் தலைவருக்குக் கண் தெரியவில்லை என்பதை ஆபரேஷன் லீவு விண்ணப்பத்தில்கூட "சிறு சிகிச்சை" என்றுதான் எழுதியிருந்தார்.

புதன்கிழமை விளக்கம் எழுதினேன். மூன்று பக்கம், மூன்று இணைப்பு. முதல் இணைப்பு, ஐந்து வரிப் பட்டியல். இரண்டாவது, முன்மேஜை அம்மாவின் தேதி நோட்டு. முதல் புகார் ஏழு வாரம் முன்பு, எண் ஐந்திலிருந்து நான்கான மறுநாள். மூன்றாவது, எங்கள் பதிவேட்டில் அந்த நாளின் பக்கம்: "எண்ணிக்கை சீரடைந்தது. நன்றி." என் பங்கையும் எழுதினேன். அந்த ஏழு வாரத்தில் "4 - சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான் மட்டும் முந்நூற்று முப்பத்தாறு தடவை. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதுதானே தொழில்.

வியாழக்கிழமை நிர்வாக அதிகாரியின் அறைக்கு அழைத்தார்கள். அந்த அம்மா எதையும் இரண்டு தடவை படிப்பவர். பச்சை சாரும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு ஜோசியர். அதிகாரி என் விளக்கத்தைப் படித்துவிட்டு, மேலதிகாரி கவனித்தால் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது, அவர் போய்விட்டால் ஒன்று குறைகிறது, இதுதானே சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியென்றால் அவர் கவனித்தது தவறா என்றார். கவனித்தது தவறில்லை, அவரை வேலை செய்கிறவர் கணக்கில் சேர்த்ததுதான் தவறு என்றேன். ஜோசியர் தரையைப் பார்த்துக்கொண்டான்.

பிறகு அந்த அம்மா, தானே கேட்டு வாங்கியிருந்த லாக்கின் அச்சுப் பக்கங்களை எடுத்தார். நான் பயந்த இடம் அதுதான்.

"ஒவ்வொரு வரியிலயும் நம்பர் இருக்கே. ஏழு வாரமா நாலுங்கற நம்பரே வரல. சார் எந்நேரமும் இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எப்படி அவர் கண்ணுல படாம போச்சு?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான். பச்சை சார் அசையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் என் மேல் ஒரு தூசும் ஒட்டாது. மெமோ அப்படியே நாற்காலி மாறி உட்கார்ந்திருக்கும். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

"வரிங்க ரொம்ப வேகமா ஓடும் மேடம்," என்றேன். "நிமிஷத்துக்கு முப்பது நாப்பது. யாராலயும் படிக்க முடியாது."

மூன்று நிமிடத்துக்கு ஒரு வரி, அக்கா. ஜோசியருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள்.

இதைப் பெரிய மனது என்று அத்தானிடம் சொல்லிப் பெருமைப்படாதே. என் ஒப்பந்தத்துக்குப் பரிந்துரைக் கையெழுத்துப் போட வேண்டியவர் பச்சை சார். அவர் நாற்காலி போனால் அந்தக் கையெழுத்தை யாரிடம் வாங்குவேன்? அதோடு, பார்க்காமலே முந்நூற்று முப்பத்தாறு தடவை சரி என்று எழுதிய எனக்குப் புரைகூட இல்லை.

அன்று மாலையே தீர்ப்பு வந்தது. குற்றம் எண்ணும் கட்டளையுடையது. ஆகவே குற்றவாளி அதை எழுதி ஐந்து வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவர். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு எதிரான முக்கியச் சாட்சியமே அதுதான். என் மேல் உள்ள மெமோ திரும்பப் பெறப்பட்டது. எண்ணும் முறையை மாற்றும் பொறுப்பு எனக்கு. இப்போது எங்கள் திரை எண்ணைக் காட்டுவதில்லை. நான்கு போஸ்ட்மேன்களின் பெயரும், ஒவ்வொருவரும் கடைசியாக முடிவு அனுப்பிய நேரமும் வருகின்றன. ஒருவர் அரை மணி நேரம் சும்மா இருந்தால் அவர் பெயர் சிவக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் எத்தனை பேர் வந்தாலும் அதில் இடமில்லை.

முன்மேஜை அம்மாவுக்கு நிர்வாகம் வருத்தக் கடிதம் அனுப்பியது. அதில் அவர் பெயருக்குப் பதில் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்" என்று இருந்ததாம். நான் தனியாக ஒரு பக்கம் கையால் எழுதி அனுப்பினேன், அந்த நான்கு தடவை போனுக்காக. அவர் கூப்பிட்டு, கிடைத்தது என்று மட்டும் சொன்னார். வைக்கும்போது, "இப்ப நாலு பேரும் இருக்காங்களா?" என்றார். பேர் சொல்லிப் பார்த்துவிட்டேன், இருக்கிறார்கள் என்றேன். "சரி, அப்ப நான் என் வேலையப் பாக்கறேன்" என்றார்.

இனி நீ கேட்ட ஒரு வரி. வேலை இருக்கிறது. ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள். நேற்று நீ போன் செய்தபோது அந்தக் காகிதம் என் கையில்தான் இருந்தது. ஆனால் பச்சை சார் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவர் நேற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார். பையை வைத்தார். பச்சையா என்று கேட்கவில்லை. சுவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பச்சை இவ்வளவு கண்ணைக் குத்துமா, குறைத்து வையுங்கள் என்றார். சட்டம் போட்ட பாராட்டுக் கடிதத்தின் அருகில் போய் முழுவதும் படித்தார், கழற்றி அலமாரியில் வைத்தார். என் ஒப்பந்தக் காகிதத்தில் பரிந்துரைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு பதிவேடுகளைக் கேட்டார். நான்கு வருடத்துப் பதிவேடுகளையும். சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படிக்கிறார். மதியத்துக்குள் என் எழுத்துப் பிழைகள் மட்டும் நாற்பத்தொன்று சுழித்தாயிற்று. உன் போன் வந்தது அப்போதுதான். நீ வைத்த பிறகு அந்த ஏழு வாரத்துப் பக்கங்களுக்கு வந்தார். விரலை வைத்து வரிசையாக இறங்கினார்.

"எல்லா 'சரி'யும் அச்சுல அடிச்ச மாதிரி ஒண்ணா இருக்கேப்பா. பாத்து எழுதினதா, பாக்காம எழுதினதா?"

"வேகமா ஓடுச்சு சார்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். நான்கு வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பேனாவை மூடிவிட்டு அந்தப் பக்கத்தைச் சுழிக்காமல் திருப்பினார். அடுத்த பக்கத்தில் மறுபடி திறந்தார்.

அம்மாவிடம் எல்லாம் நலம் என்று சொல். அத்தான் கடையில் நிற்கும்போது ஷட்டரை முழுதாகத் தூக்கி வை.

இப்படிக்கு,
உன் தம்பி